கேட்காவிட்டால் அது விபத்து

அமெரிக்காவில் ஒருவரை வாத்து மோதிக் காயப்படுத்தினால் அதற்கென்று தனியாக ஒரு எண் உண்டு: டபிள்யூ 61.62. விமானத்தின் ஜெட் எஞ்சின் ஒருவரை உள்ளே இழுத்துக்கொண்டால் வி 97.33. அந்த எண்ணின் கடைசியில் ‘டி’ என்ற எழுத்தைச் சேர்த்தால், அதே ஆள் அதே காயத்தின் தொடர் சிகிச்சைக்காக மறுபடியும் வந்திருக்கிறார் என்று அர்த்தம். எஞ்சினுக்குள்ள போன மனுஷன் மறுபடி எப்படிய்யா வருவான் என்று கேட்டுப் பலரும் சிரித்தார்கள். 2015 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்க மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-10-சிஎம் என்ற குறியீட்டுத் தொகுதியைப் பற்றி வெளியுலகம் அறிந்தது பெரும்பாலும் இந்த நகைச்சுவைகளைத்தான்.

சரி, சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி. வாத்துக்கு இடம் ஒதுக்கிய அதே புத்தகம், துப்பாக்கிக் குண்டு பட்டு வரும் ஒருவரை என்ன செய்கிறது? சுட்டது யார், வேண்டுமென்றே சுட்டதா, கைதவறி வெடித்ததா என்ற தகவல் மருத்துவக் குறிப்பில் இல்லையென்றால் என்ன எண் போடச் சொல்கிறது? விபத்துக்கான எண்ணைப் போடச் சொல்கிறது. ‘தெரியவில்லை’ என்பதற்கும் அங்கே தனி எண் இருக்கிறது. ஆனால் அதைப் போட ஒரு நிபந்தனை உண்டு: நோக்கத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று மருத்துவக் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். அதாவது, தெரியவில்லை என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். யாரும் கேட்காமலே விட்டிருந்தால் அது விபத்து.

இந்த ஒற்றை விதியை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதைப் போல வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இது அடிப்படையில் கதைசொல்லல் சார்ந்த விதி. சொல்லப்படாத கதைக்கு எந்த முடிவை எழுதுவது என்பதைப் பற்றியது.

*

ஐசிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டுக்கு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1893ஆம் ஆண்டு சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகம், பிரெஞ்சுக்காரரான ழாக் பெர்த்தியோன் தயாரித்த மரணக் காரணங்களின் பட்டியலை ஏற்றுக்கொண்டது. இவருடைய சகோதரர் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் பாரிஸ் போலீசில் வேலை பார்த்தவர். குற்றவாளிகளின் உடல் அளவுகளைக் குறித்துவைத்து அடையாளம் காணும் முறையை உருவாக்கியவர். ஒரே வீட்டிலிருந்து ஒருவர் செத்தவர்களைப் பெட்டிகளில் பிரித்தார், இன்னொருவர் பிடிபட்டவர்களைப் பிரித்தார். எந்த நாவலாசிரியரும் இப்படி எழுதினால் ரொம்ப செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம்.

1948இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டது. மரணங்களோடு நோய்களையும் காயங்களையும் சேர்த்து அது வளர்ந்தது. பத்தாவது திருத்தத்தை அமெரிக்கர்கள் தங்கள் மருத்துவமனைகளுக்கேற்பப் பெருக்கியதுதான் ஐசிடி-10-சிஎம். அதில் இருபதாவது அத்தியாயம் மட்டும் தனி ரகம். மற்ற அத்தியாயங்கள் உடலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கின்றன. இருபதாவது, அது எப்படி ஆயிற்று என்று சொல்கிறது. மொத்தப் புத்தகத்திலும் கதை என்று ஒன்று இருப்பது இங்கேதான்.

துப்பாக்கிக் காயத்துக்கு இந்த அத்தியாயம் ஐந்து கதைகளை அனுமதிக்கிறது. டபிள்யூ 32 முதல் 34 வரை விபத்து. எக்ஸ் 72 முதல் 74 வரை தனக்குத்தானே செய்துகொண்டது. எக்ஸ் 93 முதல் 95 வரை தாக்குதல். ஒய் 22 முதல் 24 வரை தீர்மானிக்க முடியாதது. ஒய் 35 போலீசின் சட்டபூர்வ நடவடிக்கை. ஒரே தோட்டா, ஒரே தொடை, ஒரே ரத்த இழப்பு. அறுவை சிகிச்சை மேசையில் ஐந்துக்கும் ஒரே தையல்தான். வேறுபாடு முழுவதும் விசையை அழுத்திய விரலுக்குப் பின்னால் இருந்த மனதில் இருக்கிறது. அந்த மனம் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வருவதே இல்லை.

விபத்துப் பிரிவின் தலைப்பைக் கவனியுங்கள். தமிழில் சொன்னால் ‘துப்பாக்கி தற்செயலாக வெடித்தல்’. இந்த வாக்கியத்தில் எழுவாய் யார்? துப்பாக்கி. பள்ளியில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்போம். ‘வந்தான்’ என்றால் ‘அவன்’ வெளியே தெரியாவிட்டாலும் வினைக்குள் ஒளிந்திருக்கிறான். மருத்துவர் ‘தொடையில் துப்பாக்கிக் குண்டுக் காயம்’ என்று மட்டும் எழுதும்போது அங்கே வினையே இல்லை, எழுவாய் ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. தமிழில் ‘குண்டு பட்டது’ என்றும் சொல்லலாம், ‘சுட்டார்கள்’ என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிறான். எழுவாய் விடுபட்ட குறிப்பு வந்தால் அந்த ஆளை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை எழுவாயாக நிரப்பு என்பதுதான் அந்த விதி சொல்வது.

*

மருத்துவர் ஏன் எழுதவில்லை? இதற்கு அவரைத் திட்டுவது எளிது, நியாயமில்லை.

குண்டடி பட்டவர் அவசரப் பிரிவுக்குள் வந்ததும் நடப்பது ஒரு வரிசை. பீறிடும் ரத்தத்தை நிறுத்து, மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா பார், மூச்சு இருக்கிறதா பார், ரத்தம் ஏற்று, உடையைக் கத்தரித்து உடம்பின் முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் ஓட்டைகளை எண்ணு. ஓட்டைகளின் எண்ணிக்கையும் எக்ஸ்ரேயில் தெரியும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் கணக்கில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் எங்கேயோ ஒரு காயத்தைத் தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள். இந்த வரிசையில் ‘யாருப்பா சுட்டது?’ என்ற கேள்விக்கு இடம் இல்லை. ஆளைக் காப்பாற்ற அந்தப் பதில் தேவையும் இல்லை.

அதோடு, அதிகம் எழுதாதே என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணமும் உண்டு. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரின் பார்க்லாண்ட் மருத்துவமனையில் ஜான் கென்னடியின் உயிரைக் காப்பாற்ற முயன்றவர்களில் ஒருவர் மால்கம் பெர்ரி. கழுத்தின் முன்பக்கம் இருந்த சிறிய துளை வழியாகவே மூச்சுக்குழாயைத் திறந்தார். அடுத்து நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், அந்தத் துளை குண்டு உள்ளே நுழைந்த இடம் போலத் தெரிந்ததாகச் சொன்னார். அன்றிரவு பெதஸ்டாவில் பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் கழுத்தில் பார்த்தது மூச்சுக்குழாய்க்கான வெட்டைத்தான். அதற்கு அடியில் குண்டுத் துளை ஒன்று இருந்தது மறுநாள் பெர்ரியோடு தொலைபேசியில் பேசியபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அது குண்டு வெளியேறிய இடம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். முன்னாலிருந்து ஒருவன் சுட்டான் என்று இன்றுவரை பேசுபவர்கள் முதலில் தொட்டுக்காட்டுவது பெர்ரியின் அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இதிலிருந்து தடயவியல் மருத்துவம் சொல்லும் பாடம் தெளிவானது. காயத்தை விவரி, விளக்கம் கொடுக்காதே. நுழைந்தது, வெளியேறியது என்று எழுதாமல் அளவு, இடம், விளிம்பின் தன்மை, கருகல் உண்டா என்பதை எழுது. உடையைக் கத்தரிக்கும்போது குண்டு துளைத்த இடத்தின் வழியாகக் கத்தரிக்காதே. காகிதப் பையில் போட்டுவை. இது நல்ல பாடம். ஆனால் காயத்துக்கான இந்த அடக்கத்தைச் சம்பவத்துக்கும் நீட்டிவிட்டால், நோயாளி தன் வாயால் சொன்னதும் குறிப்பில் ஏறாமல் போகும். விளக்கம் வேறு, கேட்டதைக் கேட்டபடி எழுதுவது வேறு. ‘தெரியாத ஒருவர் காரிலிருந்து சுட்டதாக நோயாளி சொல்கிறார்’ என்று எழுதுபவர் எதையும் தீர்ப்பளிக்கவில்லை. வாக்கியத்துக்கு எழுவாய் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

*

குறிப்பு எழுதப்பட்டபின் அது இன்னொருவர் மேசைக்குப் போகிறது. அந்த மேசை எங்கே இருக்கிறது என்பதில் நமக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது.

அமெரிக்க மருத்துவமனைகளின் குறியீட்டு வேலையில் ஒரு பகுதி சென்னையில் நடக்கிறது. கோவையிலும் திருச்சியிலும்கூட. பேருந்து நிலையச் சுவர்களில் ‘மெடிக்கல் கோடிங் பயிற்சி, வேலை உறுதி’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைக்ரோபயாலஜியோ நர்சிங்கோ பார்மசியோ படித்த உங்கள் வகுப்புத் தோழிகளில் ஒருத்தியாவது இந்த வேலையில் இருப்பாள். அமெரிக்காவின் ஏதோ ஒரு ஊரில் ஒருவர் குண்டடி பட்ட கதை, பெயர் தெரியாத ஒரு மருத்துவரின் சுருக்கெழுத்துகளாக இவர்களுடைய திரைக்கு வந்து சேரலாம். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கோப்புகள் என்று இலக்கு உண்டு. தரப் பரிசோதனையில் பொதுவாக 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும்.

எது ‘சரி’? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ‘முதுகில் மூன்று குண்டுக் காயங்கள்’ என்று குறிப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைதவறி ஒருவன் தன் முதுகில் மூன்று முறை சுட்டுக்கொள்ள மாட்டான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். ஆனால் குறிப்பில் இல்லாததை ஊகித்து எண் போடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அந்த விதியும் நியாயமானதுதான். ஆளாளுக்கு ஊகிக்க ஆரம்பித்தால் தரவுக்கு மதிப்பே இருக்காது. ஆகவே அவள் தாக்குதல் என்று எண் போட்டால் பரிசோதகர் பிழை என்று குறிப்பார். தற்செயலாக வெடித்த துப்பாக்கி என்று போட்டால் முழு மதிப்பெண். மருத்துவரைத் திரும்பக் கேட்கலாமே என்றால், கேள்வி அனுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த முறை பெரும்பாலும் பணம் சம்பந்தப்பட்ட எண்களுக்குப் பயன்படுவது. காயத்தின் எண்ணும் அறுவை சிகிச்சையின் எண்ணும்தான் மருத்துவமனைக்கு வரும் தொகையைத் தீர்மானிக்கின்றன. சுட்டது யார் என்ற எண்ணால் அந்தத் தொகை மாறுவதில்லை. காரணத்துக்கான எண்களைக் கட்டாயம் தர வேண்டும் என்ற தேசிய அளவிலான நிபந்தனையே அமெரிக்காவில் கிடையாது. சில மாநிலங்கள் கேட்கின்றன, சில காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. கேட்பாரற்ற எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய பள்ளம். ஒரு தரவுத்தளத்தில் ‘திருமணமானவரா?’ என்று ஒரு பத்தி வைக்கிறோம். பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்று நிரம்பிக்கொள்ளட்டும் என்று ஒரு இயல்பு மதிப்பு கொடுத்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு மேலாளர் எங்கள் பயனர்களில் எண்பது சதவீதம் திருமணமாகாதவர்கள் என்று படம் போட்டுக் காட்டுகிறார். பொய் சொன்னது யார்? யாருமில்லை. பதில் சொல்லாதவர்களையும் ‘இல்லை’ என்றவர்களையும் ஒரே கட்டத்தில் போட்டதுதான் நடந்த தவறு. வெற்றிடத்துக்கு என்றே ஒரு மதிப்பை வைத்துக்கொள் என்பது எங்கள் தொழிலில் முதல் வருடம் சொல்லிக்கொடுக்கும் பாடம். ஐசிடி அந்த மதிப்பையும் வைத்திருக்கிறது, பூட்டி வைத்திருக்கிறது.

*

இதனால் என்ன குடிமுழுகிப்போகிறது என்று கேட்கலாம். எண்களைப் பார்ப்போம்.

2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் தற்கொலை 26,328. கொலை 20,958. விபத்து 549. போலீஸ் நடவடிக்கை 537. தீர்மானிக்க முடியாதவை 458. அதாவது இறந்தவர்களில் விபத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆனால் பிழைத்தவர்களின் மருத்துவமனைத் தரவைத் திறந்தால் விபத்து பெரிதாக வீங்கி நிற்கிறது. இதில் ஒரு பகுதி உண்மையாகவே இருக்கும். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பெரும்பாலானோர் இறந்துவிடுவதால் பிழைத்தவர்களின் கணக்கில் அவர்கள் குறைவாகவே இருப்பார்கள். கைதவறிக் காலில் சுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். மீதியை என்னவென்று சொல்வது?

2022இல் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மூன்று அமெரிக்க மருத்துவமனைகளில் குண்டடி பட்டு வந்தவர்களின் முழு மருத்துவக் குறிப்புகளை ஆய்வாளர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். வாசித்துத் தாங்கள் எடுத்த முடிவைக் கோப்பில் ஏற்கெனவே இருந்த எண்ணோடு ஒப்பிட்டார்கள். தாக்குதல் என்று அவர்கள் வகைப்படுத்தியவற்றில் கால்வாசிக்கும் மேல் விபத்து என்று எண் இடப்பட்டிருந்தன. கவனியுங்கள், அவர்கள் போலீஸ் விசாரணை எதையும் நடத்தவில்லை. அதே கோப்பை நிதானமாக வாசித்தார்கள். பக்கங்களுக்குள் எங்கேயோ கதை இருந்திருக்கிறது. எண் போடும் நேரத்தில் அது கைக்கு அகப்படவில்லை.

இப்போது இதே நாணயத்தின் மறுபக்கம். 2013இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ சில மாநிலங்களில் துப்பாக்கியால் இறந்த குழந்தைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. விபத்தில் இறந்த குழந்தைகள் அரசுக் கணக்கில் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தார்கள். மீதிப் பேர் எங்கே போனார்கள்? பெரும்பாலும் கொலைக் கணக்கில். பிரேதப் பரிசோதனை அதிகாரிகளில் பலர், ஒருவர் இன்னொருவரின் கையால் இறந்தால் நோக்கம் என்னவாக இருந்தாலும் அதைக் கொலை என்றே வகைப்படுத்துகிறார்கள். அப்பாவின் அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்து விளையாடிய நான்கு வயது அண்ணன் தம்பியைச் சுட்டுவிட்டாலும் அந்த வழக்கப்படி அது கொலைதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தம்பி இறந்தால் கொலை. அதே தம்பி பிழைத்தால் விபத்து. தெருமுனையில் எதிராளி வேண்டுமென்றே சுட்ட இளைஞன் இறந்தால் கொலை. அவன் பிழைத்து, பயத்தில் வாயைத் திறக்காமல் படுத்திருந்தால் விபத்து. நிகழ்வின் தன்மையைத் தீர்மானிப்பது நோக்கம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வகைப்பாட்டில், உண்மையில் தீர்மானிப்பது அடிபட்டவர் செத்தாரா பிழைத்தாரா என்பது. இறந்தவர்களுக்காக 2002இல் ஆறு மாநிலங்களில் ஒரு தேசிய வன்முறை மரணப் பதிவு முறை தொடங்கப்பட்டு, 2018இல் 50 மாநிலங்களுக்கும் பரவியது. அதில் இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீஸ் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்கிறார்கள். செத்தவருக்கு மூன்று ஆவணங்கள். பிழைத்தவருக்கு ஒரு எண்.

*

இந்த விதிக்கு ஆதரவாக என்ன சொல்லலாம் என்று நானே யோசித்துப் பார்த்தேன். இரண்டு வாதங்கள் கனமானவை.

முதலாவது: ஆதாரமில்லாமல் யாரையும் குற்றவாளி என்று சொல்லக் கூடாது, சந்தேகம் இருந்தால் விபத்து என்று எடுத்துக்கொள்வதுதான் நாகரிகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சந்தேகத்தின் பலன் என்பது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டியது. மருத்துவமனைக் கோப்பில் குற்றம் சாட்டப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. அங்கே இருப்பது அடிபட்டவர் மட்டும். சந்தேகத்தின் பலனை அங்கே யாருக்குக் கொடுக்கிறோம்? ஆளில்லாத ஒரு நாற்காலிக்கு. ‘தாக்குதல்’ என்று ஊகித்து எழுதுவது அவசரம் என்றால் ‘விபத்து’ என்று ஊகித்து எழுதுவதும் அதே அளவு அவசரம்தான். ஒன்று கெட்டவர்களைப் பெருக்கும், இன்னொன்று துரதிர்ஷ்டத்தைப் பெருக்கும்.

இரண்டாவது வாதம் இன்னும் கடினமானது. மருத்துவர் போலீஸ்காரர் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் குண்டுக் காயத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் சட்டக் கடமை. குண்டடி பட்டுப் படுத்திருக்கும் கறுப்பின இளைஞன் கண் விழிக்கும்போது கட்டிலருகே சீருடையைப் பார்க்க நேரலாம். அந்த நிலையில் அவன் ‘யார் சுட்டதுன்னு தெரியல’ என்று சொன்னால், அது பொய்யாக இருந்தாலும் அவனுக்கு உயிர் காக்கும் பொய். அவனிடம் தோண்டித் துருவுவது சிகிச்சை அல்ல. அவனுடைய மௌனத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதாலேயே அந்த விதியை எதிர்க்கிறேன். மௌனத்துக்கு மதிப்புக் கொடுப்பதென்றால் மௌனத்தை மௌனமாகவே பதிவு செய்ய வேண்டும். அவன் சொல்லாமல் விட்ட இடத்தில் அவன் சொல்லாத ஒரு கதையை எழுதிவைப்பது எப்படி மதிப்பாகும்? ‘சொல்ல விரும்பவில்லை’ என்பது ஒரு மனிதனின் பதில். அதை ‘துப்பாக்கி தானாக வெடித்தது’ என்று மொழிபெயர்ப்பது அவன் வாயில் நாம் திணிக்கும் சொல்.

இதில் நடைமுறை நஷ்டமும் உண்டு. 1994இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரில் ‘காட் இன் தி கிராஸ்ஃபயர்’ என்ற திட்டம் தொடங்கியது. குண்டடி பட்ட இளைஞன் படுக்கையில் இருக்கும்போதே, அதே தெருக்களில் வளர்ந்து அதே வாழ்க்கையைக் கடந்து வந்த ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருவார். பழிக்குப் பழி என்று கிளம்பாமல் இருக்கப் பேசுவார். பள்ளி, வேலை, தங்குமிடம் என்று கூடவே அலைவார். பின்னர் பல நகரங்கள் இந்த மாதிரியை எடுத்துக்கொண்டன. இப்படி ஒரு திட்டம் தங்கள் ஊருக்கு வேண்டுமா, எத்தனை பேர் வேண்டும், பலன் தருகிறதா என்று ஒரு மருத்துவமனை முடிவு செய்யப் பார்ப்பது இந்த எண்களைத்தான். தாக்கப்பட்டவர்களில் கால்வாசிப் பேர் விபத்துக் கட்டத்துக்குள் இருந்தால் அவர்கள் அந்தத் திட்டத்தின் கண்ணிலேயே படமாட்டார்கள். தன்னைத்தானே சுட்டுக்கொண்டு பிழைத்த ஒருவரை ‘துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்தது’ என்ற குடும்பத்தின் வார்த்தையோடு வீட்டுக்கு அனுப்பினால், அவருக்கு மிக அவசியமான மனநலத் தொடர்சிகிச்சை அந்த எண்ணோடு சேர்ந்து தொலையும்.

*

ஐந்தாவது கதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒய் 35. அதன் பெயர் ‘சட்டபூர்வ நடவடிக்கை’. போலீஸ் சுட்டு ஏற்படும் காயமும் மரணமும் இதற்குள் வருகின்றன. சுட்டது சட்டப்படி சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் சொல்வதற்கு முன்பே, ஏன், தவறு என்று பிறகு சொன்னாலுமே, தலைப்பில் ‘சட்டபூர்வ’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. விபத்து என்ற இயல்பு மதிப்பு எழுவாயை அழிக்கிறது என்றால் இந்தத் தலைப்பு எழுவாய்க்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

அப்படிக் கொடுத்தும் கணக்கு சரியாக இல்லை. 2021க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் போலீஸ் துப்பாக்கியால் இறந்தவர்கள் 537 பேர் என்று பார்த்தோம். செய்திகளையும் ஆவணங்களையும் வைத்து 2015 முதல் ஒவ்வொரு மரணமாகத் தொகுத்துவந்த ‘வாஷிங்டன் போஸ்ட்’ அதே ஆண்டுக்கு 1,000க்கும் மேல் கணக்கிட்டது. அதே 2021இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, 1980 முதல் 2018 வரை போலீஸ் வன்முறையால் நிகழ்ந்த மரணங்களில் பாதிக்கு மேல் அரசின் மரணப் பதிவுகளில் வேறு காரணங்களின் கீழ் மறைந்திருப்பதாக மதிப்பிட்டது. இறப்புச் சான்றிதழில் ‘போலீஸ்’ என்ற சொல்லை யாராவது எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது வெறும் கொலை. இங்கேயும் அதே இலக்கணம்தான், எழுவாய் விடுபட்டால் வகுப்பு மாறிவிடுகிறது.

*

இதையெல்லாம் யாரோ திட்டமிட்டு மறைத்தார்கள் என்று நான் நம்பவில்லை. புத்தகத்தை எழுதியவர்கள், பொதுவாகக் காயங்களை மனதில் வைத்து விதி செய்திருக்கிறார்கள். படியில் விழுந்தவர், கத்தி வெட்டியவர், சூடு பட்டவர் என்று அவசரப் பிரிவுக்கு வரும் பெரும்பாலான காயங்கள் விபத்துகள்தான். அவற்றுக்கு விபத்து என்ற இயல்பு மதிப்பு பொருந்தும். துப்பாக்கிக்குப் பொருந்தாது, அது சுடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள். படிக்கட்டுக்கு எழுதிய விதியைத் துப்பாக்கிக்கும் போட்டுவிட்டார்கள்.

ஆனால் அதைத் திருத்த வேண்டிய கவனம் இல்லாமல் போனதற்கு ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. 1993இல் ஆர்தர் கெல்லர்மனும் சகாக்களும் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அந்த வீட்டில் கொலை நடக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு நிதி கொடுத்தது சிடிசி என்ற அரசு நோய்த் தடுப்பு நிறுவனம். துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 1996இல் ஆர்கன்சா மாநிலத்தின் உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் அறியப்படும் திருத்தம் வந்தது. சிடிசியின் காயத் தடுப்புப் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்றது அது. துப்பாக்கி ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவான அதே 26 லட்சம் டாலர் அந்தப் பிரிவின் ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஆய்வே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். டிக்கியே 2012இல் மனம் மாறி, முன்பு தன் எதிர்த்தரப்பில் இருந்த சிடிசி அதிகாரி மார்க் ரோசன்பெர்க்கோடு சேர்ந்து ஆய்வுக்கு ஆதரவாக எழுதினார். மறுபடியும் தனியாக நிதி ஒதுக்கப்பட்டது 2019 டிசம்பரில்தான்: 2.5 கோடி டாலர். நடுவில் ஏறத்தாழ ஒரு தலைமுறை. இருபது வருடம் யாரும் எட்டிப்பார்க்காத வீட்டில் தூசி படிவதற்கு யாரும் சதி செய்யத் தேவையில்லை.

இப்போது இயந்திரக் கற்றல் வந்துவிட்டது, குறிப்புகளைக் கணினி வாசித்து நோக்கத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று என் துறையில் உற்சாகமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குறிப்புக்குள் கதை புதைந்திருக்கும் இடத்தில் அது உதவலாம். ஆனால் எதை வைத்து அதற்குக் கற்றுக்கொடுக்கப்போகிறோம்? பழைய எண்களை வைத்துக் கற்றுக்கொடுத்தால், ஒன்றும் எழுதாத குறிப்பைப் பார்த்தால் விபத்து என்று சொல்ல அது மிகத் துல்லியமாகக் கற்றுக்கொள்ளும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் பெண் விதிக்குக் கட்டுப்பட்டுச் செய்ததை, இயந்திரம் காரணம் தெரியாமல் செய்யும். அவளுக்காவது போடும்போது மனசில் ஒரு உறுத்தல் இருந்திருக்கும்.

வேண்டியது பெரிய தொழில்நுட்பம் இல்லை. துப்பாக்கிக் காயம் என்று எண் விழுந்தவுடன் மூன்று வெவ்வேறு வெற்றிடங்களைப் பிரித்துக் காட்ட ஓர் இடம் வேண்டும்: யாரும் கேட்கவில்லை, கேட்டோம், சொல்லவில்லை, கேட்டு, விசாரித்தும் தீர்மானிக்க முடியவில்லை. முதலாவது மருத்துவமனையின் குறை, இரண்டாவது நோயாளியின் உரிமை, மூன்றாவது உலகத்தின் இயல்பு. இன்றைக்கு முதல் இரண்டும் பெரும்பாலும் விபத்து என்ற கட்டத்துக்குள் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தாலே எந்த மருத்துவமனை கேட்பதில்லை, எந்த ஊரில் மக்கள் சொல்லப் பயப்படுகிறார்கள் என்பதும் தெரிய ஆரம்பிக்கும். அந்த இரண்டும் சுட்டது யார் என்பதற்குக் குறையாத செய்திகள்.

ஒரு நல்ல கதையாசிரியர் தனக்குத் தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட்டுவைப்பார் என்று நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். அந்த இடத்தில் வாசகன் நின்று யோசிக்கிறான். வகைப்பாட்டுப் புத்தகங்களிடமும் அதே நேர்மையை எதிர்பார்க்கலாம். அவற்றை யாரும் கதையாக வாசிப்பதில்லை, ஆனால் ஒரு நாடு தன்னைப் பற்றி நம்பும் கதைகளில் பல அவற்றிலிருந்துதான் கிளம்புகின்றன. இத்தனை ஆயிரம் பேர் குண்டடி பட்டது வெறும் கைதவறல் என்று எண்கள் சொல்லும்போது, அந்த நாடு துப்பாக்கிக்குப் பாதுகாப்புப் பூட்டு வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொள்ளும். சுட்டவனைப் பற்றியும், சுடப்பட்டவன் ஏன் பேசவில்லை என்பதைப் பற்றியும் கேட்க அதற்குக் காரணமே இருக்காது.